கயாக் கோமிங்: விளிம்புக்கு அடியில்தான் வேலை

இந்தக் கேள்வியை அனுப்பியவர் 4 மில்லிமீட்டர் பிளைவுட்டைக் கம்பியால் தைத்து எபாக்ஸியால் ஒட்டும் முறையில் 16 அடி கயாக் ஒன்றை, அதாவது மேல்பக்கம் மூடிய ஒல்லியான துடுப்புப் படகு ஒன்றை, வீட்டு மொட்டை மாடியில் கட்டியிருக்கிறார். அடிப்பகுதி முடிந்து, படகின் மேல்தளமான டெக்கும் மூடியாகிவிட்டது. உட்காரும் திறப்பைச் சுற்றி வரும் கோமிங்குக்காக 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் இரண்டு வளையங்கள் அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, டெக்கில் வைத்துப் பார்த்திருக்கிறார். முன்னும் பின்னும் நடுக்கோட்டில் மட்டும் தொடுகிறது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. கிளாம்ப் போட்டு இறுக்கினால் வளையம் இறங்குவதற்குப் பதில் டெக் மேலே எழும்பி வருகிறதாம். "பட்டி வைத்து இடைவெளியை நிரப்பிவிடலாமா? அல்லது பிளைவுட்டை விட்டுவிட்டு மரத்தை நீராவியில் வளைக்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம். பிளைவுட்டிலேயே செய்யுங்கள், ஆனால் மெல்லிய பிளைவுட்டில், ஒட்டாத வளையங்களாக டெக்கின் மேல் வைத்து அங்கேயே ஒட்டுங்கள். உங்கள் கை வேலையில் தவறில்லை, தேர்ந்தெடுத்த பருமன்தான் தவறு.

பலகையின் விறைப்பு அதன் பருமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மில்லிமீட்டர் வளையத்தோடு ஒப்பிட்டால் 12 மில்லிமீட்டர் வளையம் சுமார் 8 மடங்கு விறைப்பு. இரண்டை முன்கூட்டியே ஒட்டி 24 மில்லிமீட்டர் ஆக்கிவிட்டால் 64 மடங்கு. 4 மில்லிமீட்டர் டெக்கோடு ஒப்பிட்டால் 216 மடங்கு. இவ்வளவு விறைப்பான ஒன்றையும் இவ்வளவு மெல்லிய ஒன்றையும் சேர்த்து இறுக்கினால் எது வளையும்? டெக்தான். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். எளிதாக வளையும், ஏனென்றால் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. வளைத்த நிலையில் ஓரங்களை இறுகப் பிடித்துக்கொண்டால் அது நிமிர மறுக்கும். கோமிங்கும் இதேதான். மூன்று 6 மில்லிமீட்டர் வளையங்களை ஈரப் பசையோடு டெக்கின் மேல் அடுக்கினால், இறுக்கும்போது அவை தனித்தனியாக வளைந்து டெக்கின் வளைவில் படியும். மறுநாள் பசை காய்ந்ததும் மூன்றும் ஒரே 18 மில்லிமீட்டர் உடலாகி அந்த வளைவையே பிடித்துக்கொள்ளும். உங்கள் டெக்கின் குறுக்கு வளைவு ரொம்பக் கூடுதலாக இருந்தால் 4 மில்லிமீட்டரில் ஐந்து வளையம் போடுங்கள். பிளைவுட்டின் மேல்தாள் ரேகை படகின் நீளவாக்கில் ஓடும்படி அறுத்தால் குறுக்கே வளைவது இன்னும் எளிது. மூன்று தாள் கொண்ட 4 மில்லிமீட்டர் பலகையில் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும்.

பட்டியைப் பற்றி: சிலிக்கா கலந்த எபாக்ஸியால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது என்று சொல்லமாட்டேன். முடியும். ஆனால் எடை கூடும், பக்கச் சுவர் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய்விடும், துடுப்பு போடும்போது விரல் முட்டி ஒவ்வொரு வீச்சிலும் அதில் இடிக்கும். உங்கள் 24 மில்லிமீட்டர் வளையத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதன் வடிவம் சரியாக இருக்கிறது. புதிய வளையங்களுக்கு அதையே அச்சாக வைத்துக் கோடு போட்டுக்கொள்ளலாம்.

இனி கோமிங் எதற்கு என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அளவுகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. பலர் அதைக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் போல நினைக்கிறார்கள், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் மேடு என்று. அது பாதி உண்மை. ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். துணியை வாயின் மேல் போட்டு, கழுத்தில் கயிறு சுற்றி இறுக்குகிறோம். கயிறு மேலே நழுவி வராமல் தடுப்பது எது? ஜாடி வாயின் வெளிநோக்கிய விளிம்பு. கோமிங்கின் சுவர்தான் ஜாடியின் கழுத்து, அதன் மேல் வெளியே நீண்டிருக்கும் பட்டை ஜாடியின் விளிம்பு. துணியின் இடத்தில் ஸ்ப்ரே ஸ்கர்ட் இருக்கிறது. துடுப்பு போடுபவர் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் பாவாடை அது. அதன் ஓரத்தில் தைத்த இழுகயிறு விளிம்புக்கு அடியில் போய் உட்காரும். படகு கவிழ்ந்தாலும் உள்ளே தண்ணீர் ஏறாது. ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் கழன்று வரவும் வேண்டும். பிடிப்பதும் விடுவதும் இரண்டுமே விளிம்பின் அடிப்பக்கத்தில்தான் தீர்மானமாகின்றன. மேற்பக்கத்தை வார்னிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்குவதற்குப் பலர் நாள் கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியை அடிப்பக்கத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நான் கட்டிய முதல் கயாக்கில் விளிம்பு 8 மில்லிமீட்டர்தான் வெளியே நீண்டிருந்தது. பார்க்க மெலிதாக, அழகாக இருந்தது. முகத்துவாரத்தில் கடல் அலையும் உப்பங்கழி நீரும் மோதும் இடத்தில் ஓர் அலை மடியில் விழுந்தது, ஸ்கர்ட் முழுதாகக் கழன்று உள்ளே போய்விட்டது. படகு பாதி நிறைந்த நிலையில் கரை சேர்ந்தேன். அன்று பக்கத்தில் நண்பரின் படகு இல்லாவிட்டால் இதை எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது. அதற்குப் பிறகு 18 மில்லிமீட்டருக்குக் குறைவாக விளிம்பு வைத்ததில்லை. 20 நல்லது. 12 மில்லிமீட்டருக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

விளிம்புக்கும் டெக்குக்கும் இடையிலான உயரம் 18 முதல் 25 மில்லிமீட்டர். மூன்று 6 மில்லிமீட்டர் வளையமும் பசைப் படலங்களும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 வரும், போதுமானது. சுவரும் டெக்கும் சேரும் மூலையில் பசையால் ஒரு சிறு குழிவளைவு கொடுப்போம், அதன் ஆரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. வலுவுக்காக என்று பெரிதாக வைத்தால் இழுகயிறு உட்கார வேண்டிய இடத்தைப் பசை எடுத்துக்கொள்ளும், கயிறு சரிவில் ஏறி வெளியே வழுக்கும்.

வடிவத்தில் ஒரு விஷயம். இழுகயிறு வளைவில் மட்டும்தான் உள்நோக்கி அழுத்தும். வளைவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அழுத்தம். நேர்க்கோட்டில் அது இறுக்கமாக இருந்தாலும் சுவர்மேல் அழுத்தமே இராது. அதனால் கோமிங்கின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வரைந்தால், தண்ணீர் உள்ளே கசிவதும் ஸ்கர்ட் நழுவத் தொடங்குவதும் அந்த நேர்ப் பகுதியிலிருந்துதான். உள்நோக்கிக் குழிந்த வளைவு இன்னும் மோசம், கயிறு அங்கே சுவரை விட்டே விலகி நிற்கும். பக்கங்கள் சிறிதாவது வெளியே பிதுங்கியிருக்கட்டும், முட்டையின் பக்கம் போல. வரைந்ததும் அச்சைச் சுற்றி ஒரு ரப்பர் கயிற்றை இறுக்கிக் கட்டி, சுற்றிலும் விரலால் தூக்கிப் பாருங்கள். எங்கே லேசாகத் தூக்க வருகிறதோ அங்கே வடிவத்தைத் திருத்த வேண்டும்.

திறப்பின் அளவுக்கு வருவோம். இதில் இரண்டு மரபுகள் இருக்கின்றன. கயாக் பிறந்த ஆர்க்டிக் நாட்டில், குறிப்பாக கிரீன்லாந்தில், திறப்பு சிறிய வட்டம் போல இருக்கும். வேட்டைக்காரர் பின் டெக்கில் உட்கார்ந்து, கால்களை நேராக நீட்டி உள்ளே செருகுவார். மரம் வளராத அந்தக் கரைகளில் கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மிதவை மரத்தில்தான் படகின் எலும்புக்கூடு செய்தார்கள், அதன்மேல் கடல்நாய்த் தோல் போர்த்தினார்கள். கோமிங்காக வளைத்த மர வளையம் சட்டகத்தில் ஆணியடித்து நிற்காது. இழுத்துத் தைத்த தோல்தான் அதைப் பிடித்திருக்கும். முன்பக்கம் மாசிக் என்ற வளைந்த குறுக்குச் சட்டத்தின்மேல் அது சாய்ந்திருக்கும். தொடைகள் அந்த மாசிக்கை அடியிலிருந்து அழுத்தும்போது படகு உடம்போடு ஒன்றாகிவிடும். துயிலிக் என்ற தோல் சட்டையின் கீழ் ஓரத்தை இந்த வளையத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள், முகமும் கையும் தவிர எங்கும் நீர் புகாது. உறையும் கடலில் கவிழ்ந்தால் நீந்திப் பிழைக்க வழியில்லை. படகுக்குள் இருந்தபடியே சுழன்று எழ வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வந்தது இந்த வளையம். அந்தப் படகுகளின் அளவுகளை ஓட்டுபவரின் உடம்பை வைத்தே எடுத்தார்கள், நம் ஊர் முழமும் சாணும் போல. அதனால் ஒருவருடைய படகு இன்னொருவருக்குச் சட்டை மாறிப் போட்ட மாதிரிதான் இருக்கும்.

மற்றது இன்றைய சாவித்துளை வடிவம். உள் அளவு சுமார் 80 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம். முதலில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுக்கலாம். வீட்டில் முதல் படகு கட்டுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கவிழ்ந்தால் வெளியே வருவது எளிது. அளவை என் வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீர்கள். பெரிய அட்டைப் பெட்டி ஒன்றில் திறப்பை வெட்டி, செங்கல் அடுக்கி டெக்கின் உயரத்துக்குத் தூக்கி வைத்து, கீழே உங்கள் இருக்கையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் தட்டாமல் வெளியே வருகிறதா? தொடை விளிம்புக்கு அடியில் போய் அழுத்த இடம் இருக்கிறதா? பின்னால் சாய்ந்தால் பின்விளிம்பு முதுகெலும்பில் குத்துகிறதா? பின்பக்கம் எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக இருக்கட்டும். முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தால் டெக்மேல் ஓடி வரும் தண்ணீரை அது பிளந்து இரு பக்கமும் தள்ளிவிடும். ஒரு மணி நேரமும் ஓர் அட்டைப் பெட்டியும் செலவு, அவ்வளவுதான்.

இந்த அளவில் உள் சுற்றளவு கிட்டத்தட்ட 194 சென்டிமீட்டர் வரும். சுவரின் தடிமன் 20 மில்லிமீட்டர் என்றால் சுவர் வளையத்தின் வெளி அளவு 84க்கு 44. அதன்மேல் விளிம்பு இன்னொரு 20 வெளியே நீண்டால் 88க்கு 48. முழு வளையமாக அறுத்தால் நடுவில் உள்ள பலகை வீணாகும். வளையத்தை இரண்டு அரை வட்டங்களாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி பலகையில் வரைந்தால் பாதிப் பலகை மிச்சமாகும். இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல், கொத்தனார் செங்கல் கட்டுவது போல வரிசைக்கு வரிசை மாற்றி வையுங்கள். வெளிக்கோட்டைச் சரியான அளவிலும், உள்பக்கத்தை 2 மில்லிமீட்டர் கூடுதலாகவும் அறுங்கள். வளையும்போது அடுக்குகள் வழுக்குவதால் உள் ஓரம் படி படியாக நிற்கும், பிறகு மர அரத்தால் தேய்த்துச் சமப்படுத்த அந்தக் கூடுதல் வேண்டும்.

பலகையைப் பற்றி. இங்கே ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீர்ச் சோதனை உண்டு. முத்திரையை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வெட்டி, வீட்டிலேயே சில மணி நேரம் கொதிக்க வைத்துப் பாருங்கள். தாள் பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அறுத்த ஓரத்தையும் பாருங்கள். உள்தாள்களில் பொந்து இருக்கக் கூடாது. கோமிங் முழுவதும் ஓரங்களால் ஆன பொருள், பொந்து இருந்தால் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்.

பிசின் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், எபாக்ஸியை விட்டு மாறாதீர்கள். நம் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகு பழுது பார்க்கும் கடைகளில் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். விலை குறைவு, கேட்டால் "எல்லாம் ஒன்றுதான் சார், இதுவும் ஒட்டும்" என்பார்கள். ஃபைபர்மேல் ஃபைபர் கட்ட அது நல்ல பொருள்தான். மரத்தோடு அதற்கு நீடித்த பிடிப்பு இல்லை. மரம் ஈரத்தில் உப்பிச் சுருங்கும்போது தோல் உரிவது போலப் பிரிந்து வரும். இரண்டாவது படகில் அப்படி ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு விளிம்பை அதில் ஒட்டினேன். ஆறு மாதம் கழித்து வேனிலிருந்து இறக்கும்போது விளிம்பு மட்டும் கையோடு வந்தது, படகு தரையில் விழுந்தது. கயாக்கைத் தூக்குகிறவர்கள் எல்லோரும் கோமிங்கைப் பிடித்துத்தான் தூக்குவார்கள், தோளில் சுமக்கும்போது முழு எடையும் அதன் உள்பக்கத்தில்தான் நிற்கும். ஒட்டுக்கு வரும் சுமை கொஞ்சமானதல்ல.

இனி வேலை. முதல் நாள் பசையே இல்லாமல் முழு ஒத்திகை. டெக்கின் மேல் மூன்று வளையங்களையும் அடுக்கி, எல்லாக் கிளாம்ப்களையும் போட்டு இறுக்கிப் பாருங்கள். 5 சென்டிமீட்டருக்கு ஒன்று என்றால் ஏறத்தாழ 40 கிளாம்ப் வேண்டும். யாரிடமும் அவ்வளவு இருக்காது, வாங்கவும் தேவையில்லை. 4 அங்குல பிவிசி குழாயில், சுவர் கனமான ரகமாகப் பார்த்து ஒன்றரை மீட்டர் வாங்கி, இரண்டு விரல்கடை அகல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கீறிவிட்டால் போதும். விரித்துக் கவ்விக்கொள்ளும் நல்ல கிளாம்ப் அது. உலகம் முழுக்கப் படகு கட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். வெயிலில் மட்டும் வைக்காதீர்கள், சூட்டில் பிவிசி இளகிப் பிடி தளரும். வளைவு அதிகம் உள்ள இடங்களில் நாலைந்து இரும்பு சி கிளாம்ப் கூடவே இருக்கட்டும்.

ஒத்திகையில் எல்லாம் சரியாக உட்கார்ந்ததும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுக்கோட்டில் மட்டும் டெக் வரை துளை போட்டு மூங்கில் குச்சி செருகுங்கள். ஈர எபாக்ஸி எண்ணெய் மாதிரி. கிளாம்பை இறுக்க இறுக்க வளையங்கள் ஆளுக்கொரு பக்கம் வழுக்கும். குச்சி அதைத் தடுக்கும். பக்கங்களில் குச்சி போடாதீர்கள். அங்கே அடுக்குகள் வழுக்கினால்தான் வளைவு வரும், குச்சி போட்டுப் பூட்டினால் பழைய விறைப்பு திரும்பி வந்துவிடும்.

மறுநாள் மாலை 4 மணிக்கு மேல் ஒட்டத் தொடங்குங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்ஸி கையில் நிற்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். நம் ஊர் மதியத்தில் கிண்ணத்தில் கலந்த பிசின் சில நிமிடத்தில் புகைவிட்டு இறுகிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதோடு, காலையில் மரம் சூடேறும்போது அதன் துளைகளில் உள்ள காற்று விரிந்து வெளியே வரும், பூச்சு முழுக்கக் குமிழி விழும். மாலையில் மரம் குளிரும்போது அந்தக் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுக்கும். ஒரே பூச்சு, நேரம் மாறினால் வேறு பலன். கலவையை ஆழமான டம்ளரில் வைக்காமல் அகலமான தட்டில் ஊற்றி வைத்தாலும் சூடு சேராமல் நேரம் நீளும்.

முதலில் ஒட்டும் முகங்கள் எல்லாவற்றிலும் வெறும் எபாக்ஸியைத் தடவி மரம் குடிக்க விடுங்கள். இதைத் தவிர்த்தால் மரம் பசையிலிருந்து பிசினை உறிஞ்சிக்கொண்டு மூட்டைக் காய வைத்துவிடும். பிறகு சிலிக்கா பொடியும் சலித்த மரத்தூளும் கலந்து துவையல் பதத்துக்குக் கெட்டியாக்கிய பசை. சட்னி போல ஓடவும் கூடாது, உருண்டையாக நிற்கவும் கூடாது. டெக் மூட்டு உட்பட மூன்று மூட்டுக்கும் சேர்த்து 100 முதல் 150 மில்லி போதும். கிளாம்பை ஒரேயடியாக இறுக்காதீர்கள், முன்னும் பின்னும் தொடங்கிப் பக்கங்களுக்கு வாருங்கள். சுற்றிலும் மெல்லிய கோடாகப் பசை பிதுங்கினால் சரி. உயிரே போவது போல இறுக்கினால் பசை முழுக்க வெளியே வந்து மூட்டு பட்டினி கிடக்கும். கையுறை கட்டாயம். எபாக்ஸி தோலில் படப் பட ஒவ்வாமை வரும், வந்தால் பிறகு விடாது.

பிதுங்கிய பசையை அன்றைக்கே ஈரத்தோடு வழித்து எடுங்கள். ஐஸ் குச்சியின் முனையை வட்டமாகத் தேய்த்து வைத்துக்கொண்டால், வழிக்கும்போதே வெளி மூலையில் 5 மில்லிமீட்டர் குழிவளைவும் உருவாகிவிடும். காய்ந்த எபாக்ஸித் துளிகள் முள் மாதிரி. ஸ்கர்ட் துணியையும் கவிழ்ந்த நேரத்தில் உங்கள் விரலையும் கிழிப்பவை அவைதான்.

மறுநாள் விளிம்பைப் போட அவசரப்படாதீர்கள். சுவரின் வெளிப்பக்கம் இன்னும் திறந்திருக்கிறது, விளிம்பு வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்துக்குள் உப்புத்தாள் பிடித்த விரல் நுழையாது. இப்போதே தேய்த்து வழவழப்பாக்கி, இரண்டு மூன்று கை எபாக்ஸி பூசுங்கள். பூச்சுக்கு மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படிந்திருந்தால் வெறும் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், அதன்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. விளிம்புக்கு 4 மில்லிமீட்டரில் இரண்டு அடுக்கு. அதில் கீழ் அடுக்கின் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் மேசையில் வைத்தே தேய்த்து, வட்டமாக்கி, பூசி முடித்துவிடுங்கள், சுவரில் ஒட்டும் பட்டையை மட்டும் விட்டுவிட்டு. இதைச் செய்து வைத்தால் ஒட்டிய பிறகு அடியில் ஒரு வேலையும் இராது. செய்யாமல் விட்டால், படகு இருக்கும் வரை அந்தச் சொரசொரப்பும் இருக்கும்.

விளிம்பு காய்ந்ததும் உள் ஓரத்தை அரத்தால் சமப்படுத்தி, எல்லா முனைகளையும் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுங்கள். கூர் முனையில் ஃபைபர்கிளாஸ் துணி படியாது, வெள்ளையாகக் காற்று நிற்கும். உள்சுவரிலிருந்து டெக்கின் அடிப்பக்கம் வரை வரும்படி துணிப் பட்டைகளை ஒட்டுங்கள். துணியை 45 டிகிரி சாய்வாக வெட்டினால் ரவிக்கைக் கழுத்துப் பட்டி போல வளைவில் அழகாகப் படியும், நேராக வெட்டியது சுருக்கம் விழும். விளிம்பின் மேற்பக்கத்துக்கும் ஒரு சுற்று துணி. பிசின் முழுதாக இறுகும் முன், தோல் பதத்தில் இருக்கும்போது, கூர் பிளேடால் ஓரத்தை வெட்டிவிடுங்கள். மறுநாள் வெட்டப் போனால் ரம்பம் வேண்டும். தேய்ப்பதை மட்டும் சில நாள் தள்ளி வையுங்கள், முகமூடியோடு செய்யுங்கள். முழுதாகக் காயாத எபாக்ஸியின் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

மரத்தை வளைப்பது பற்றியும் கேட்டீர்கள். கிரீன்லாந்துப் பாணிப் படகு கட்டினால் அது தேவை, பார்க்கவும் அதற்கு இணை கிடையாது. ஆனால் முதல் முயற்சியில் பாதி உடையும் என்று எதிர்பார்த்துத் தொடங்குங்கள். நீராவியில் மரநார் இளகும். ஒரு அங்குலப் பருமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பழைய கணக்கு. இளகிய மரம் நெருக்கினால் நன்றாக நெருங்கிக் கொடுக்கும். இழுத்தால் ஓரிரு சதவீதத்துக்கு மேல் நீளாது. அதனால் உடைவது எப்போதும் வளைவின் வெளிப்பக்கத்தில்தான். வெளிப்பக்கம் ஒரு தகரப் பட்டையைச் சேர்த்துப் பிடித்து வளைத்தால் இழுவையைத் தகரம் வாங்கிக்கொள்ளும். சூளையில் உலர்த்திய மரம் வேண்டாம், நிழலில் காய்ந்ததாக, கணு இல்லாமல், ரேகை முனையிலிருந்து முனை வரை நேராக ஓடுவதாகப் பாருங்கள். மேல்நாட்டில் ஆஷ், ஓக் மரங்களை எடுக்கிறார்கள். இந்தியாவில் ஹாக்கி மட்டைக்குப் பயன்படும் முசுக்கட்டை, அதாவது மல்பெரி, நன்றாக வளையும். தேக்கு இதற்கு ஏற்றதில்லை, எவ்வளவு நல்ல தேக்காக இருந்தாலும். சுற்றளவு 194 சென்டிமீட்டர், இரண்டு முனையும் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டும் சாய்வு மூட்டுக்கு மேலும் ஒரு சாண் சேர்த்தால் ஆறடிச் சட்டம் போதாது. ஏழடிக்கு மேல் வாங்குங்கள். நீராவி வேண்டாம் என்றால் 2 மில்லிமீட்டர் பட்டைகளாக இழைத்து, ஒவ்வொன்றாகச் சுற்றி எபாக்ஸியில் ஒட்டியும் வளையம் ஆக்கலாம். மறுபடியும் அந்த நோட்டுப் புத்தகக் கணக்குதான்.

பூச்சு: எபாக்ஸி வெயிலைத் தாங்காது, மஞ்சளித்துப் பொடியாகும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் நாலைந்து கை, அல்லது பெயின்ட். கோமிங்குக்குக் கறுப்பு அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று நிறையப் பேர் ஆசைப்படுவார்கள். நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம். சாதாரண அறை வெப்பத்தில் காய்ந்த எபாக்ஸி 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும், கறுப்பு விளிம்பு மே மாத மணலில் அதை எட்டிவிடும். அந்த நேரம் பார்த்துப் படகை விளிம்பைப் பிடித்துத் தூக்குவார்கள். வெள்ளை, வெளிர் மஞ்சள், அல்லது மரத்தின் நிறமே.

கடைசியாக ஸ்கர்ட். கோமிங் முடிந்த பிறகு வாங்கலாம் என்று விடாமல், முடிந்தால் விளிம்பை ஒட்டும் முன்பே ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அளவு பாருங்கள். தரையில், படகுக்குள் உட்கார்ந்து, மாட்டிக் கழற்றிப் பழகுங்கள், கண்ணை மூடிக்கொண்டு இருபது தடவை. முன்னால் உள்ள இழுப்பு வார் எப்போதும் ஸ்கர்ட்டுக்கு வெளியே கிடக்க வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டால் கவிழ்ந்த நிலையில் கைக்குக் கிடைக்காது. வாரை முதலில் முன்னோக்கித் தள்ளி, பிறகு மேலே இழுத்தால் விளிம்பிலிருந்து சுலபமாகக் கழலும். ஒரு கையால் கழற்ற முடியாவிட்டால் இழுகயிற்றைத் தளர்த்துங்கள். லேசாகத் தட்டினாலே கழன்றால் இறுக்குங்கள். அதன் பிறகு மார்பளவு ஆழமுள்ள, அலையில்லாத தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிற்க வைத்து, வேண்டுமென்றே கவிழ்ந்து வெளியே வந்து பாருங்கள். முதல் நாள் ஸ்கர்ட் இல்லாமல், மறுநாள் ஸ்கர்ட்டோடு. முழங்கால் எங்கே தட்டியது, துணி எங்கே சிக்கியது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்து அந்த இடத்தை மட்டும் அரத்தால் எடுங்கள். வார்னிஷ் அதற்குப் பிறகு போட்டால் போதும்.